மறந்த சொற்கள், மறைக்கும் சொற்கள்

இந்திய ஆங்கிலம் பரணில் போட்டுவிட்ட சில சொற்களுக்கு இன்று மறுபடி வேலை இருக்கிறது. தினமும் புழங்கும் சில சொற்களை ஓய்வுக்கு அனுப்பவும் காலம் வந்துவிட்டது.

2017 ஏப்ரல். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் மதன் லோகுர், தீபக் குப்தா முன்னிலையில் ஒரு வழக்கு வந்தது. கட்டடச் சொந்தக்காரருக்கும் வாடகைதாரருக்கும் இடையில் வழக்கமாக வரும் தகராறுதான். இமாசலப் பிரதேச உயர் நீதிமன்றம் அதில் ஏற்கெனவே தீர்ப்பு எழுதியிருந்தது, ஆங்கிலத்தில். நீளமான வாக்கியங்கள், கனமான வார்த்தைகள். எல்லாம் இருந்தன, ஒன்றைத் தவிர: அர்த்தம். நீதிபதிகள் தீர்ப்பை ரத்து செய்து, புதிதாக எழுதும்படி திருப்பி அனுப்பினார்கள். காரணம் சட்டப் பிழை அல்ல. படித்தால் புரியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த மாதமே ஆங்கிலம் மறுபடி செய்தியில் அடிபட்டது. திருவனந்தபுரம் எம்.பி. சசி தரூர், தம்மைப் பற்றிய தொலைக்காட்சிச் செய்தி ஒன்றை மறுத்து ட்விட்டரில் எழுதினார். அதில் 'ஃபராகோ' என்று ஒரு வார்த்தை. படித்தவர்கள் பாதிப் பேர் அகராதியைத் தேடி ஓடினார்கள். ஆக்ஸ்போர்ட் அகராதியின் இணையதளத்தில் அந்தச் சொல்லைத் தேடியவர்கள் எண்ணிக்கை திடீரென்று எகிறியது. லத்தீன் மூலத்தில் அதற்கு மாட்டுக்குப் போடும் கலப்புத் தீவனம் என்று பொருள். ஆங்கிலத்தில் கதம்பக் குழப்பம். அன்றிலிருந்து தரூர் வாய் திறந்தால் புதுச் சொல் வரும் என்று நாடே காத்திருக்க ஆரம்பித்தது. அவரும் ஏமாற்றவில்லை. அரிய சொற்களை வைத்தே 2020-ல் 'தரூரோசாரஸ்' என்று ஒரு புத்தகம் போட்டுவிட்டார்.

ஒரு பக்கம் புரியாத ஆங்கிலம், இன்னொரு பக்கம் பிரமிக்க வைக்கும் ஆங்கிலம். இரண்டுக்கும் நடுவில் கோடிக்கணக்கான இந்தியர்கள் தினமும் பேசி, எழுதி, மனு போட்டு, செய்தி படிக்கும் சாதாரண ஆங்கிலம் ஒன்று இருக்கிறது. அதில் எந்த வார்த்தையை மீட்கலாம், எதற்கு விடை கொடுக்கலாம்? அழகை வைத்து முடிவு செய்தால் ஆளுக்கு ஒரு பட்டியல் வரும். அதைவிட உருப்படியான ஓர் உரைகல் நம் சட்டப் புத்தகத்திலேயே கிடக்கிறது.

ஏ-யும் இசட்டும்

மெக்காலே தலைமையிலான சட்டக் கமிஷன் 1837-ல் இந்தியாவுக்கு ஒரு தண்டனைச் சட்டத்தின் நகலைத் தயாரித்தது. 1860-ல் அது சட்டமானது. மெக்காலே இந்திய மொழிகளைப் பற்றிச் சொன்னதை நாம் மன்னிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. ஒவ்வொரு குற்றத்துக்கும் இலக்கணம் சொன்ன கையோடு, கீழே குட்டிக் கதைகளை உதாரணமாகக் கொடுத்தார்கள். ஏ என்பவன் இசட் என்பவரின் நிலத்தில் நிற்கும் மரத்தை, அவர் சம்மதம் இல்லாமல் எடுத்துப்போகும் எண்ணத்தோடு வெட்டுகிறான். அது திருட்டு. முடிந்தது கதை. செய்தவன் யார், பாதிக்கப்பட்டவர் யார், நடந்தது என்ன என்ற மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடும். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா அமலில் இருக்கிறது. ஏ-யும் இசட்டும் அதிலும் தொடர்கிறார்கள்.

ஒரு வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்டதும் ஏ தெரிகிறாரா, இசட் தெரிகிறாரா, இருவருக்கும் நடுவில் நடந்தது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்த வார்த்தை பழையதோ புதியதோ, இந்தியாவில் பிறந்ததோ இங்கிலாந்தில் பிறந்ததோ, வைத்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால் அது யாருக்காக வேலை செய்கிறது என்று கேட்க வேண்டியதுதான்.

பெட்டிக்காரர் திரும்பி வருகிறார்

மறந்துபோன சொற்களைத் தேட நல்ல இடம் 'ஹாப்சன்-ஜாப்சன்'. ஹென்றி யூல், ஆர்தர் பர்னெல் என்ற இருவர் தொகுத்த ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி இது. பர்னெல் சென்னை மாகாண சிவில் சர்வீஸ்காரர். தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர், அரண்மனை நூலகத்தின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். 1886-ல் அகராதி வெளிவந்தபோது அவர் உயிருடன் இல்லை. புத்தகத்தின் பெயரே ஒரு வேடிக்கை. முஹர்ரம் ஊர்வலத்தில் ஹசன், ஹுசைன் பெயர்களைச் சொல்லி எழும் கூக்குரல் பிரிட்டிஷ் சிப்பாய்களின் காதில் விழுந்து 'ஹாப்சன்-ஜாப்சன்' ஆகிவிட்டது.

அதில் ஒரு சொல் 'பாக்ஸ்வாலா'. தலையிலோ தோளிலோ பெட்டியைச் சுமந்து, வீடு வீடாகப் போய்ச் சாமான் விற்கும் வியாபாரிக்கு அந்தப் பெயர். பிற்பாடு சிவில் சர்வீஸ் துரைமார்கள், வியாபாரக் கம்பெனிகளில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்களைக் கேலி செய்ய இதே சொல்லைப் பயன்படுத்தினார்கள். கம்பெனி துரைகள் போனதும் சொல்லும் போய்விட்டது.

ஆனால் ஆள் திரும்பி வந்துவிட்டார். எந்த நகரத்திலும் சிக்னலில் நின்று பாருங்கள். முதுகில் சதுரப் பெட்டி, கையில் செல்போன், கண்ணில் அவசரம். அவரை அழைத்து வேலை தரும் நிறுவனங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'டெலிவரி பார்ட்னர்'. பார்ட்னர் என்றால் கூட்டாளி. 1932-ன் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, ஒரு தொழிலின் லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ள ஒப்புக்கொண்டவர்கள்தான் கூட்டாளிகள். பெட்டி சுமப்பவருக்கு லாபத்தில் பங்கு கிடையாது. ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று கூலிதான். பெட்ரோல் செலவு அவருடையது. கூட்டாளி என்று சொல்லிவிட்டதால் தொழிலாளிக்கு உள்ள பி.எஃப்., விடுமுறை போன்ற உரிமைகளும் அவர் கைக்கு வருவதில்லை.

இது சின்னக் கூட்டம் அல்ல. 2020-21-ல் இப்படிப் பணிபுரிந்தவர்கள் 77 லட்சம் பேர் என்று நிதி ஆயோக் 2022-ல் கணக்கிட்டது. 2029-30-க்குள் இது 2.35 கோடி ஆகும் என்பது அதன் மதிப்பீடு. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புதான் 'கிக் தொழிலாளி' என்ற பெயரை முதன்முதலில் மத்தியச் சட்டத்தில் ஏற்றியது. 2023-ல் ராஜஸ்தான் இவர்களுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டு சட்டங்களும் 'தொழிலாளி' என்கின்றன, 'கூட்டாளி' என்று சொல்லவில்லை. உரைகல்லில் உரசினால் 'பார்ட்னர்' தேறாது. 'பாக்ஸ்வாலா' தேறும். பெட்டி யார் முதுகில் இருக்கிறது என்பதையாவது அது மறைக்கவில்லை.

மீட்கத் தகுந்த இன்னொரு சொல் 'சம்மரி'. கல்யாணமாகாத இளம் உத்தியோகஸ்தர்கள் சேர்ந்து, வாடகையையும் சமையல்காரர் சம்பளத்தையும் பங்கு போட்டுக்கொண்டு வாழ்ந்த வீடு. 'சம்' என்றால் ஆங்கிலத்தில் நண்பன். ஆதியில் அதன் அர்த்தமே ஒரே அறையில் தங்குபவன் என்பதுதான். இன்று பெங்களூரிலும் குருகிராமிலும் அதே ஏற்பாட்டை 'கோ-லிவிங்' என்று விளம்பரம் செய்து கூடுதல் வாடகை வாங்குகிறார்கள். சம்மரியில் வாடகையைப் பங்கு போட்டது நண்பர்கள். கோ-லிவிங்கில் நண்பர்களைப் பங்கு போடுவது வீட்டுக்காரர்.

'மொஃபசல்' என்ற சொல்லுக்கும் வக்காலத்து வாங்க வேண்டும். அரபியில் பிரிக்கப்பட்டது என்ற பொருளில் பிறந்து, பாரசீக வழியாக ஆட்சி மொழியில் நுழைந்து, தலைநகரத்துக்கு வெளியே உள்ள ஜில்லாக்களைக் குறித்தது. சிட்னியில் பிறந்த ஜான் லாங் என்ற வக்கீல் 1845-ல் 'மொஃபசிலைட்' என்று ஒரு பத்திரிகையே தொடங்கினார். ஜான்சி ராணி லட்சுமிபாயின் ராஜ்ஜியத்தைக் கம்பெனி பறித்தபோது, அவருக்காக மனு எழுதிக் கொடுத்தவர் இவர்தான். கல்கத்தாவின் பார்வையை ஏற்காமல், வெளியூர்களிலிருந்து நாட்டைப் பார்த்தது அந்தப் பத்திரிகை. சென்னையில் 2002-ல் திறந்த கோயம்பேடு பேருந்து நிலையத்தின் ஆங்கிலப் பெயரில் 'மொஃபசல்' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்ற இடங்களில் அதைத் துரத்திவிட்டு வந்து உட்கார்ந்திருப்பது 'டயர் டூ', 'டயர் த்ரீ'. அதாவது இரண்டாம் தட்டு நகரம், மூன்றாம் தட்டு நகரம். மதுரையும் இந்தூரும் ராஜ்கோட்டும் தங்களை எந்தத் தட்டில் வைத்திருக்கிறார்கள் என்று மும்பை விளம்பரக் கம்பெனியிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மொஃபசல் என்றால் வெளியூர். வெளியூரில் இருப்பது குறை அல்ல. இரண்டாம் தட்டில் இருப்பது குறை.

அங்கே மறைந்தது, இங்கே வாழ்வது

இங்கிலாந்தும் அமெரிக்காவும் தொலைத்துவிட்டு, நாம் பத்திரமாக வைத்திருக்கும் சொற்கள் தனி ரகம். வெளிநாட்டுக்காரர் சிரித்தால் நாமும் வெட்கப்பட்டு இவற்றைக் கைவிடுகிறோம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

'ஸ்டெப்னி'யை எடுத்துக்கொள்வோம். ஆரம்பகாலக் கார்களில் உபரிச் சக்கரம் கிடையாது. வழியில் டயர் வெடித்தால் அங்கேயே உட்கார்ந்து ஒட்டுப்போட வேண்டியதுதான். வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரில் தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவர் 1904-ல் இதற்கு ஒரு வழி கண்டார். ஆரக்கால் இல்லாத, காற்றடைத்த ஒரு சக்கர வளையத்தைப் பஞ்சரான சக்கரத்தின்மேல் மாட்டி ஓட்டிப் போகலாம். அவர்கள் தொழில் நடத்திய தெரு ஸ்டெப்னி தெரு. சக்கரத்துக்கும் அதே பெயர். இன்று லண்டனில் ஸ்டெப்னி என்றால் கிழக்குப் பகுதியில் ஒரு பேட்டைதான் நினைவுக்கு வரும். இந்தியாவில் எந்த லாரி டிரைவரிடமும் கேளுங்கள், வண்டியைச் சுற்றி வந்து தட்டிக் காட்டுவார். பிரேசிலில் போர்த்துகீசியம் பேசுபவர்களும் இதை 'எஸ்டெபி' என்று வைத்திருக்கிறார்கள். ஒரு தெருவின் பெயர் உலகத்தின் இரு கோடிகளில் பிழைத்திருக்கிறது.

கார் 'டிக்கி'யும் அப்படித்தான். குதிரை வண்டியின் பின்னால் வேலைக்காரர் உட்காரும் இருக்கைக்கு அந்தப் பெயர். பிறகு மோட்டார் காரின் பின்புறம் மடித்து விரிக்கும் இருக்கை ஆனது. இருக்கை போய் சாமான் வைக்கும் இடம் வந்தபோது பிரிட்டிஷார் 'பூட்' என்றார்கள், அமெரிக்கர்கள் 'டிரங்க்' என்றார்கள். நாம் பழைய பெயரையே வைத்துக்கொண்டோம்.

அதிகம் கேலிக்கு உள்ளான சொல் 'ப்ரீபோன்'. தேதியைத் தள்ளிவைப்பது 'போஸ்ட்போன்' என்றால் முன்னே இழுப்பது 'ப்ரீபோன்' தானே? தர்க்கம் கச்சிதம். ஆனால் இந்தியன் கண்டுபிடித்த தப்பு ஆங்கிலம் என்று பல கான்வென்ட் ஆசிரியைகள் இதைச் சிவப்பு மையால் சுழித்திருக்கிறார்கள். உண்மை வேறு. 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் முன்னால் வைப்பது என்ற பொருளில் தலைகாட்டி மறைந்திருக்கிறது. 1913-ல் 'நியூயார்க் டைம்ஸ்' ஏட்டுக்கு எழுதிய ஒரு வாசகர், வக்கீல்களுக்கு உதவும் என்று இதே சொல்லை யோசனையாகச் சொன்னார். அமெரிக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பல ஆண்டுகள் கழித்து இந்தியா, யாரையும் கேட்காமல், தானே உண்டாக்கிக்கொண்டது. இன்று ஆக்ஸ்போர்ட் அகராதியில் அதற்கு இடம் உண்டு. பரீட்சையும் கல்யாணமும் அடிக்கடி முன்னே நகரும் நாட்டுக்குத்தான் அந்தச் சொல்லின் அருமை தெரியும்.

இதே வரிசையில் கனமான ஒரு சொல் 'அண்டர்டிரையல்'. விசாரணை முடியாமல் சிறையில் இருப்பவர். பிரிட்டனில் 'ரிமாண்ட் கைதி' என்பார்கள். நம் சொல் இன்னும் வெளிப்படையானது. இந்த ஆள் குற்றவாளி என்று யாரும் இன்னும் சொல்லவில்லை, வழக்கு நடந்துகொண்டிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் நினைவுபடுத்துகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர். செய்திகளில் இவர்கள் எல்லோரும் வெறும் 'கைதி' ஆகிவிடுகிறார்கள். 'அண்டர்டிரையல்' என்ற சொல்லைச் சுருக்கக் கூடாது. அதில் உள்ள 'அண்டர்' தான் ஒரு மனிதனின் மானம்.

ஆவன செய்யும் அகராதி

இனி மறு பட்டியல். முதல் இடம் 'டூ தி நீட்ஃபுல்'. கம்பெனி காலத்துக் குமாஸ்தாக்களிடமிருந்து வந்த இந்தத் தொடரை பிரிட்டன் எப்போதோ மறந்துவிட்டது. நம் ஃபைல்களில் அது சிரஞ்சீவி. தமிழில் 'ஆவன செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்' என்று அதற்குக் குட்டியும் போட்டிருக்கிறது. பென்ஷன் வராத முதியவர் மனு எழுதுகிறார், ஆவன செய்யவும். ஒரு மேஜை அடுத்த மேஜைக்கு எழுதுகிறது, ஆவன செய்யவும். எது ஆவன, யார் செய்ய வேண்டும், எத்தனை நாளில்? மூன்றும் இல்லை. 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சாதாரண மனிதருக்குப் பிடித்துப்போனதற்கு இதுவும் காரணம். ஒவ்வோர் அலுவலகத்திலும் பதில் சொல்ல ஓர் அதிகாரி, 30 நாள் கெடு, தவறினால் அபராதம், அதற்கு மேல் அப்பீல். 'நீட்ஃபுல்' என்ற பூசணிக்காயை உடைத்து உள்ளே இருப்பதைக் காட்டச் சொன்ன சட்டம் அது.

தனியார் நிறுவனங்களில் இதற்கு இணை 'ரிவர்ட்'. பதில் போடுகிறேன் என்பதற்கு எல்லோரும் 'ஐ வில் ரிவர்ட்' என்கிறார்கள். அதன் அசல் பொருள் பழைய நிலைக்குத் திரும்புவது. அரசு ஊழியர் ஒருவர் 'ரிவர்ட்' ஆனார் என்றால் பதவி உயர்வு பறிபோய்க் கீழ்ப் பதவிக்கு இறக்கப்பட்டார் என்று அர்த்தம். ஒரே வார்த்தை சென்னை அண்ணா சாலையின் ஒரு பக்கம் மரியாதை, மறு பக்கம் தண்டனை.

இவை எரிச்சலூட்டும் சொற்கள், அவ்வளவுதான். பத்திரிகைகள் சாஸ்வதமாக்கிவிட்ட சில சொற்கள் இதைவிட மோசம். கலவரம் நடந்தால் கல் எறிந்தது 'மிஸ்கிரியண்ட்ஸ்'. தமிழில் 'மர்ம நபர்கள்', 'விஷமிகள்'. பழைய பிரெஞ்சில் இதற்குப் பொருள் தவறான நம்பிக்கை உள்ளவன், அதாவது வேற்று மதத்தான். மதத்தின் பெயரைச் சொல்லிக் கலவரத்தைத் தூண்டக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் பத்திரிகைகள் தேர்ந்தெடுத்த சொல்லுக்குள்ளேயே மத விரோதம் பதுங்கியிருக்கிறது. அது மூலக்கதை. இன்றைய சிக்கல் வேறு. எத்தனை பேர், எந்தத் திசையிலிருந்து வந்தார்கள், யார் பார்த்தார்கள், வழக்கு பதிவானதா என்று நிருபர் கேட்க வேண்டிய அத்தனை கேள்விகளையும் இந்த ஒரு வார்த்தை விழுங்கிவிடுகிறது.

அடுத்து போலீஸ் வருகிறது. 'மைல்ட் லாத்தி சார்ஜ்', அதாவது லேசான தடியடி. லேசா பலமா என்று முடிவு செய்தது தடியைப் பிடித்தவரா, முதுகைக் கொடுத்தவரா? செய்தியில் எப்போதும் தடியின் வாக்குமூலம்தான் வருகிறது.

அதற்கும் மேலே 'என்கவுன்ட்டர்'. நேருக்கு நேர் எதிர்ப்படுவது என்பதுதான் அதன் மூலப் பொருள். இந்திய ஆங்கிலத்திலும், அதைப் பார்த்துத் தமிழிலும், போலீஸ் ஒருவரைச் சுட்டுக் கொன்றது என்று அர்த்தமாகிவிட்டது. 'என்கவுன்ட்டர் செய்தார்கள்' என்று வினைச்சொல்லாகவே பேசுகிறோம். சந்திப்புக்கு இருவர் வேண்டும், இருவரும் ஆயுதத்தோடு இருந்திருக்க வேண்டும் என்ற ஊகம் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. அது சில சமயம் உண்மை, சில சமயம் உண்மை இல்லை. அதை விசாரித்துத்தான் சொல்ல முடியும். 2014-ல் உச்ச நீதிமன்றம் இதற்கு 16 வழிமுறைகளை வகுத்தது. முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய வேண்டும். சி.ஐ.டி.யோ வேறு காவல் நிலையத்தின் குழுவோ புலனாய்வு செய்ய வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை வேண்டும். விசாரணை முடியும் முன்பே தீர்ப்பைச் சொல்லிவிடும் வார்த்தையைத் தலைப்பில் போடுவது, அந்த 16-ஐயும் ஒரே வரியில் தாண்டுவதாகும். 'போலீஸ் சுட்டதில் ஒருவர் இறந்தார்' என்று எழுதினால் இடம் கொஞ்சம்தான் கூடும். ஏ-யும் இசட்டும் இருவரும் அதில் இருப்பார்கள்.

பெயர் மாறியபோது

பெயரை மாற்றினால் எல்லாம் மாறிவிடுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வரலாறு உண்டு. அது 'ஈவ் டீசிங்'.

ஏவாள் ஆதிப்பெண். டீசிங் என்றால் சீண்டல், விளையாட்டு. பேருந்தில் உடம்பை உரசுவதும், கல்லூரி வாசலில் வழிமறிப்பதும், தெருவெல்லாம் பின்தொடர்வதும் இந்த ஒரு பூப்போட்ட போர்வைக்குள் அடங்கின. 1998-ல் சென்னையில் ஆட்டோவில் வந்த இளைஞர்களின் 'விளையாட்டில்' ஒரு கல்லூரி மாணவி கீழே விழுந்து உயிரிழந்தார். நகரம் கொதித்தது. தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது, அதே ஆண்டு அது சட்டமும் ஆனது. ஆனால் சட்டத்தின் பெயரிலேயே 'ஈவ் டீசிங்' உட்கார்ந்திருந்தது. ஓர் உயிர் போன பிறகும் அதற்குச் சீண்டல் என்றுதான் பெயர். 2002-ல் திருத்தம் செய்து, பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் என்று பெயரை மாற்றினார்கள்.

2012 நவம்பர் இறுதியில் உச்ச நீதிமன்றம் இந்தச் சொல்லையே கூண்டில் ஏற்றியது. தென்காசிப் பேருந்து நிலையத்தில் ஒரு பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டதாகப் பணிநீக்கம் செய்யப்பட்ட காவலர் ஒருவரின் வழக்கு அது. 'ஈவ் டீசிங்' என்பது குற்றத்தின் மேல் போட்ட பூச்சு என்றும், தமிழ்நாட்டைத் தவிர வேறெங்கும் இதற்குத் தனிச் சட்டம் இல்லை என்றும் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. இரண்டு வாரம் கழித்து டெல்லிப் பேருந்தில் நடந்த கொடூரம் நாட்டையே தெருவுக்கு அழைத்தது. அதன் விளைவாக வந்த 2013 குற்றவியல் சட்டத் திருத்தம், பாலியல் துன்புறுத்தல், பின்தொடர்தல், மறைந்திருந்து பார்த்தல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பெயரிட்டுத் தண்டனை வகுத்தது.

அந்தப் பெயரிடலின் பலன் காவல் நிலையத்தில் தெரியும். அதற்கு முன், தன்னை ஒருவன் தினமும் பின்தொடர்கிறான் என்று புகார் சொல்லப் போன பெண்ணிடம், அவன் உன்னைத் தொட்டானா என்று கேட்க முடிந்தது. தொடவில்லை என்றால் குற்றமும் இல்லை. இப்போது பின்தொடர்வதே குற்றம். அதற்குப் பெயரும் பிரிவு எண்ணும் உண்டு. 2023 ஆகஸ்டில் தலைமை நீதிபதி சந்திரசூட் வெளியிட்ட உச்ச நீதிமன்றக் கையேடு, தவிர்க்க வேண்டிய சொற்களின் பட்டியலில் 'ஈவ் டீசிங்'கைச் சேர்த்து, தெருவில் நடக்கும் பாலியல் துன்புறுத்தல் என்று எழுதச் சொன்னது. பத்திரிகைத் தலைப்புகள் மட்டும் இன்னும் முழுதாக மனம் மாறவில்லை. 'ஈவ் டீசிங்' நீளம் குறைவு, தலைப்பில் அடங்கும் என்பது உதவி ஆசிரியர்களின் சமாதானம்.

நாம் கொடுத்த சொல்

கடைசியாக, விடை கொடுக்க வேண்டியவற்றில் நம் வீட்டிலிருந்தே போன ஒன்று. ஆங்கிலம் தமிழிலிருந்து வாங்கிக்கொண்டவை என்று சுருட்டு, கட்டுமரம், கயிறு, மிளகுத்தண்ணீர் என்று பெருமையாகப் பட்டியல் போடுகிறோம். அந்தப் பட்டியலில் அவ்வளவாக வாய் திறந்து சொல்லாத ஒரு சொல் உண்டு. 'பரையா' என்று ஆங்கிலத்தில் ஒலிக்கும் அந்தச் சொல், ஒரு தமிழ்ச் சமூகத்தின் பெயர். ஒதுக்கப்பட்டவர், யாரும் சேர்க்கத் தகாதவர் என்ற பொருளில் உலகம் முழுவதும் அதைப் புழங்குகிறார்கள். ஒரு தெருநாய் வகைக்கும் ஒரு பருந்துக்கும்கூட அதே பெயரைச் சூட்டினார்கள்.

உலக நாடுகள் விலக்கிவைத்த நிறவெறித் தென்னாப்பிரிக்காவை ஆங்கிலப் பத்திரிகைகள் 'பரையா நாடு' என்றே வருஷக்கணக்கில் எழுதின. மனிதர்களை ஒதுக்கிவைத்த அரசைத் திட்டுவதற்கு, ஒதுக்கிவைக்கப்பட்ட மனிதர்களின் பெயர்தான் கிடைத்தது. எழுதியவர்களில் யாருக்கும் அது உறுத்தவில்லை.

அந்தப் பெயர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் தம் பத்திரிகைக்கு 'பறையன்' என்றே பெயர் வைத்தார். இழிவென்று பிறர் எறிந்ததைத் தாமே கொடியாக ஏற்றினார். எம்.சி. ராஜா வேறு வழியில் போனார். அவர் கொண்டுவந்த தீர்மானத்தின்படி 1922-ல் சென்னை மாகாண அரசு ஆவணங்களில் அந்தப் பெயருக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்று எழுத முடிவானது. ஒருவர் பெயரைத் தூக்கி நிறுத்தினார், மற்றவர் மாற்றினார். இருவர் செய்ததும் ஒன்றுதான்: எங்கள் பெயரை நாங்கள் முடிவு செய்வோம் என்றார்கள். நூறு ஆண்டு கழித்தும் ஆங்கிலச் செய்தி எழுதும் இந்தியர்கள், தடை விதிக்கப்பட்ட ஏதோ ஒரு நாட்டைப் பற்றி எழுதும்போது யோசிக்காமல் அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்கிறார்கள். ஒதுக்கப்பட்ட நாடு என்று சொல்ல ஆங்கிலத்தில் சொல்லுக்குப் பஞ்சம் இல்லை. ஒரு சமூகத்தின் பெயர் அதற்குத் தேவையில்லை.

மொழிக்கு யாரும் போலீஸ் வேலை பார்க்க முடியாது என்பது உண்மைதான். தரூர் சொன்னதால் 'ஃபராகோ' சந்தைக்கு வந்துவிடவில்லை. நீதிபதிகள் கையேடு போட்டதால் ஒரு சொல் மறுநாளே மறைந்துவிடுவதும் இல்லை. சொற்கள் மாறுவது, எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூச்சப்பட ஆரம்பிக்கும்போதுதான்.

நாளைக் காலைப் பத்திரிகை ஒன்று போதும். ஆங்கிலமோ தமிழோ, எதுவானாலும் சரி. ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குற்றச் செய்தியிலும் செய்தவர் பக்கத்தில் 'ஏ' என்று எழுதுங்கள், பாதிக்கப்பட்டவர் பக்கத்தில் 'இசட்' என்று எழுதுங்கள். பெரும்பாலும் இசட் கிடைத்துவிடுவார். வயது, ஊர், கணவர் பெயர், சில சமயம் போட்டோகூட இருக்கும். 'ஏ' எழுத இடம் தேடித்தான் பென்சில் அலையும்.